நார் மில் பித்தில் இருக்கிற லிக்னினைப் பிரித்து விற்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி தமிழ்நாடு - கேரள எல்லையில் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். அப்பாவுக்குத் தென்னை நார் மில். தேங்காய் மட்டையில் நார் எடுக்கும்போது உதிரும் தூளைப் பித் என்பார்கள், மில்லுக்குப் பின்னால் அது மலைபோலக் குவிந்து கிடக்கிறது. "லிக்னின்தான் அடுத்த பெட்ரோல். உங்கள் பித்திலிருந்து அதைப் பிரிக்க பிளான்ட் போட்டுத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்" என்று ஒருவர் இரண்டு மூன்று முறை வந்துபோயிருக்கிறாராம். நம்பலாமா, லிக்னின் என்றால் என்ன, தீராத மூலப்பொருள் என்று சொல்வது சரிதானா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் முன்பண விஷயம். கொடுக்காதீர்கள். பித்தில் லிக்னின் இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மை. லிக்னினுக்கு உலகத்தில் மதிப்பு கூடிவருகிறது என்பதும் உண்மை. ஆனால் ஒரு நார் மில் அளவில் அதைத் தனியாகப் பிரித்தெடுப்பது கட்டுபடியாகாது. பிரிக்காமல், பித்துக்குள்ளேயே வைத்து அதனிடம் வேலை வாங்கலாம். உங்களுக்கான வழி அதுதான். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் வேலந்தாவளம். கேரளாவில் பெரும்பாவூரில் ஒரு பிளைவுட் கம்பெனியில் பசை காய்ச்சும் பிரிவில் 22 வருஷம் இருந்தேன். பீனாலும் ஃபார்மால்டிஹைடும் கெட்டிலில் வேகும்போது கண் எரியும். ஒரு சொட்டு பீனால் கையில் பட்டால் தோல் வெள்ளையாக வெந்துவிடும். இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருபவை. "இதுக்குப் பதிலாக மரத்திலிருந்தே பசை எடுக்க முடியாதா" என்ற கேள்வி எனக்கு அங்கேதான் பிடித்தது. இன்றுவரை விடவில்லை.

லிக்னின் என்ன பொருள் என்று புரிய மண் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலை நறுக்கிப் போட்டு மண்ணை மிதித்துச் சுவர் வைப்பார்கள். இழுத்தால் அறாத வலு வைக்கோலுடையது. அழுத்தினால் நசுங்காத வலு மண்ணுடையது. செடியின் செல் சுவரிலும் இதே ஏற்பாடுதான். வைக்கோலின் இடத்தில் செல்லுலோஸ், மண்ணின் இடத்தில் லிக்னின். தண்ணீர் ஏறும் குழாய்கள் ஊறிச் சரியாமல் நிற்பதும் லிக்னினால்தான். அது இல்லையென்றால் 60 அடி தென்னையின் உச்சிக்குத் தண்ணீர் போய்ச் சேராது. பூமியில் உள்ள தாவரப் பொருள்களில் செல்லுலோஸுக்கு அடுத்தபடி அதிகமாக இருப்பது இதுதான். மரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து, 1813-இல் சுவிட்சர்லாந்து தாவரவியலாளர் டி கண்டோல் வைத்த பெயர் லிக்னின்.

நம் ஆட்கள் இதை வேறு விதமாகக் கவனித்திருக்கிறார்கள். பழைய தமிழ் இலக்கணத்தில் வெளியே காழ் (கெட்டியான பகுதி) உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம் என்று பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலும் இரண்டையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரமாகவே வைத்திருக்கிறது. தென்னந்தடியை அறுத்துப் பாருங்கள். ஓரத்தில் நார்க்கட்டுகள் நெருங்கி, சுவர் தடித்து, லிக்னின் ஏறி, ரம்பத்தையே மழுக்கும். நடுவில் கத்தியை விட்டால் இறங்கிவிடும். மரத்தில் நாம் 'வைரம்' என்று சொல்லும் நடுக்கட்டைக்கு வேறு கதை. அங்கே பூச்சி அரிக்காமல் இருப்பதற்கு லிக்னின் மட்டும் காரணமில்லை, பிசினும் சாறும் ஊறிப்போயிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லிக்னினைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் கல்லூரியில் பாட்டனி படிக்கும் யாரிடமாவது ஃப்ளோரோகுளுசினால் கரைசல் கொஞ்சம் கேளுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து அவர்களே செய்து காட்டுவார்கள். கோழிஞ்சாம்பாறை டீக்கடைகளில் தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். எதை எடுத்தாலும் சரி, ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் சிவந்துவிடும். ஜெராக்ஸ் தாளில் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பேப்பருக்கு மரத்தை அரைத்துக் கூழாக்குகிறார்கள், அதனால் லிக்னின் அதிலேயே தங்கிவிடுகிறது. வெயில் பட்டால் பேப்பர் மஞ்சளாவதும் அதனால்தான். ஜெராக்ஸ் தாளுக்கு லிக்னினை வேகவைத்து வெளியேற்றிவிடுகிறார்கள்.

அந்த வேகவைப்பில்தான் உலகத்தின் லிக்னின் கதையே இருக்கிறது. 1879-இல் ஜெர்மனியில் கார்ல் டால் என்பவர் காஸ்டிக் சோடாவோடு சோடியம் சல்ஃபைடும் சேர்த்து மரச் சில்லுகளை வேகவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு கிராஃப்ட் முறை என்று பெயர். மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கூழாகக் கிடைக்கும். மீதிப் பாதி கருந்திரவமாகப் போகும், அதில் பெரும்பங்கு லிக்னின். ஆலைக்காரர்கள் அதைச் சுண்ட வைத்துப் பாய்லரில் எரிக்கிறார்கள். ஆவியும் கரண்டும் கிடைக்கிறது, போட்ட காஸ்டிக்கும் திரும்பி வருகிறது. கூழ் ஆலைகள் ஆண்டுக்கு 5 முதல் 7 கோடி டன் லிக்னினைப் பிரிக்கின்றன என்றும், அதில் 2 சதவீதம் அளவுதான் எரிக்கப்படாமல் பொருளாக விற்பனைக்கு வருகிறது என்றும் இந்தத் துறையில் பரவலாகச் சொல்லும் கணக்கு.

இங்கே ஒன்று கவனிக்கணும். "98 சதவீதம் வீணாகிறது" என்று சிலர் எழுதுகிறார்கள். அது தப்பு. ஆலை ஓடுவதே அந்த நெருப்பில்தான். லிக்னினை வெளியே எடுத்து விற்றால் அந்த அளவுக்கு வேறு ஏதாவது எரிக்க வேண்டும். நிலக்கரியை எரித்தால் பசுமை என்று சொல்வதற்கே இடமில்லை. ஆகவே தீராத மூலப்பொருளா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: செடி வருஷா வருஷம் வளர்கிறது, அந்த வகையில் ஆமாம். ஆனால் அந்த லிக்னின் இதுவரை எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, அந்த வேலையை இனி எது செய்யும் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுத்தான் முடிவுக்கு வரணும்.

விற்பனைக்கு வரும் அந்தச் சிறு பங்கு எங்கே போகிறது? உங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டபோது கலவையில் ஊற்றிய பழுப்புத் திரவம் லிக்னோசல்ஃபோனேட் என்ற லிக்னின் சரக்காக இருந்திருக்கலாம். தண்ணீர் கம்மியாக விட்டாலும் கலவை நன்றாக ஓடுவதற்கு ஊற்றுவார்கள். மாட்டுத் தீவனக் குச்சி உதிராமல் இருக்கவும், மண் ரோட்டில் தூசி எழும்பாமல் இருக்கவும் அதே சரக்குதான். நார்வேயில் சார்ப்ஸ்போர்க் ஊரில் போரெகார்ட் என்ற ஆலை ஸ்ப்ரூஸ் மரத்தின் லிக்னினிலிருந்து வெனிலின் எடுக்கிறது. ஐஸ்கிரீமில் வரும் அதே வெனிலா வாசனைதான். பழைய புத்தகத்தைத் திறந்தால் வரும் லேசான இனிப்பு வாசனையிலும் லிக்னின் சிதைவுக்குப் பங்கு உண்டு.

அப்புறம் ரோடு. 2024 டிசம்பரில் நாக்பூர் - மன்சர் தடத்தில் பயோ-பிட்டுமின் என்ற லிக்னின் கலந்த தார் போட்ட சாலைப் பகுதியைத் திறந்தார்கள். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனமும் பிராஜ் கம்பெனியும் சேர்ந்து செய்த வேலை. கன்னியாகுமரியில் முடிகிறதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அதே ரோடுதான். தாரும் லிக்னினும் கட்டமைப்பில் கொஞ்சம் ஒத்துப்போகும், அதனால் கலக்கிறது. நம் நாட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகள் வர வர, சர்க்கரையாக மாறாத லிக்னின் மிச்சமாகக் குவியும். 2022-இல் திறந்த பானிபட் ஆலைக்கு மட்டும் வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல் வேண்டும். தாருக்கும் பசைக்கும் லிக்னின் மலிவாக வரப்போவது இப்படிப்பட்ட பெரிய ஆலைகளிலிருந்துதான். நீங்கள் பித்திலிருந்து எடுத்தால் அந்த விலையோடு மோத வேண்டியிருக்கும்.

பெரிய ஆலைக்கே இது சுலபமில்லை. பின்லாந்தில் கோட்கா ஊரில் ஸ்டோரா என்சோ கம்பெனி சுனிலா கூழ் ஆலையோடு சேர்த்து 2015-இல் லிக்னின் பிரிவைத் தொடங்கியது. ஆண்டுக்கு 50,000 டன் திறன். லிக்னினைக் கரியாக்கி பேட்டரிக்கு எதிர்முனைப் பொருள் செய்யும் சோதனை ஆலையும் அங்கேயே வைத்தார்கள். நல்ல வேலை, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் 2023-இல் கூழ் ஆலையையே மூடிவிட்டார்கள். கூழ் ஓடினால்தான் அங்கே கருந்திரவம், கருந்திரவம் வந்தால்தான் லிக்னின்.

இப்போது உங்கள் பித்துக்கு வருவோம். ஒரு கிலோ நாருக்கு இரண்டு கிலோ வாக்கில் பித் விழும், உங்களுக்கே தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் இதையே சகிரிச்சோறு என்பார்கள். தேங்காய் நாரில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல், பித்தில் 30 சதவீதம் அளவில். சாதாரண மரத்தில் 20 முதல் 30 வரைதான். ஆக நாரும் பித்துமாக நம் மட்டை லிக்னினில் எந்த மரத்துக்கும் குறைந்ததில்லை.

பிரித்துப் பார்க்கலாம் என்று நானே செய்தேன். ஒரு பிடி உலர்ந்த பித்தைக் காஸ்டிக் கரைசலில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். டிகாக்ஷன்போலக் கறுத்தது. துணியில் வடிகட்டி, சல்ஃப்யூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பி.எச். 2-க்குப் பக்கம் வந்ததும் காப்பித்தூள் நிறத்தில் திரிதிரியாகப் பிரிந்து அடியில் தங்கியது. காயவைத்து நுணுக்கினால் மெல்லிய பொடி, விரலில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் மேலே நின்ற தண்ணீர்? காஸ்டிக்கும் அமிலமும் சேர்ந்த சோடியம் சல்ஃபேட் உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் பொடிக்கு ஒரு பக்கெட் கழிவு. கூழ் ஆலையில் ரசாயனத்தைத் திரும்ப எடுக்கும் பாய்லர் இருக்கிறது, தினமும் நூற்றுக்கணக்கான டன் ஓடினால்தான் அந்தப் பாய்லர் கட்டுபடியாகும். நார் மில்லில் அதற்கு வழியில்லை. அந்த உப்புத் தண்ணீர் நம் மண்ணுக்குள்தான் இறங்கும். ஆழியாற்றுத் தண்ணீருக்கு இரண்டு மாநிலமும் கணக்குப் பார்த்து நிற்கிற இடம் இது. இங்கே அப்படி ஒரு பிளான்ட் வரக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொடியைப் பசையில் போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் வெளியிலிருந்து வாங்கிய லிக்னின் பொடியை பீனாலில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போட்டுக் காய்ச்சினோம். முதல் மூட்டை அருமையாக வந்தது. அடுத்த லோடில் அதே அளவு, அதே நேரம், ஆனால் கப்பில் விட்டுப் பார்த்தால் பசை ஓடும் நேரமே வேறு. கடல் தரப் பிளைவுட்டுக்கு 72 மணி நேரம் கொதிநீர் சோதனை உண்டு. இரண்டாம் லோடு பலகையைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது ஓரத்தில் நகத்தை விட்டால் வெனீர் புத்தகம்போலத் திறந்தது. விற்றவரிடம் கேட்டால் "மரம் மாறியிருக்கும்" என்றார். ஒரு மாச வேலை போனது, எனக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது.

ஆனால் அவர் சொன்ன காரணம் சரிதான். லிக்னினில் மூன்று வகைக் கண்ணி உண்டு, எச், ஜி, எஸ் என்பார்கள். ஃபார்மால்டிஹைடு வந்து பிடிக்க பீனால் வளையத்தில் காலி இடம் வேண்டும். எச் கண்ணியில் இரண்டு இடம் காலி, ஜி-யில் ஒன்று, எஸ்-ஸில் இரண்டுமே அடைபட்டிருக்கும். யூகலிப்டஸ் மாதிரி மரங்களில் எஸ் அதிகம், பைன் மாதிரி மரங்களில் ஜி அதிகம். மரம் மாறினால் பசை மாறும். தேங்காய் நாரின் லிக்னினில் ஜி-தான் மேலோங்கி நிற்கிறது, பசைக்கு அது சாதகமான செய்தி.

பிரிக்காமல் பயன்படுத்தும் வழிக்கு அத்தாட்சி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பூர்ப் பக்கம் பாய்லருக்குப் போகும் பிரிக்கெட் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். மரத்தூளும் கடலைத் தொலியும்தான், பசை ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. மெஷினிலிருந்து வரும்போது மேல்பக்கம் எண்ணெய் தடவினமாதிரி பளபளக்கும், தொட்டால் சுடும். அழுத்தத்திலும் சூட்டிலும் லிக்னின் இளகி ஓடி, ஆறினதும் இறுகுகிறது. அந்தப் பளபளப்பு அதுதான்.

இதே குணத்தை வைத்து நெதர்லாந்தில் வாகனிங்கன் ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் மட்டையில் பலகை செய்தார்கள். 2004-இல் வெளியான வேலை அது. நாரையும் பித்தையும் பிரிக்காமல் முழு மட்டையையும் அரைத்து, சூடான பிரஸ்ஸில் அழுத்தினார்கள். வெளிப்பசை எதுவும் இல்லை. பித்தின் லிக்னின் பசையாக ஓட, நார் வலுக் கொடுக்க, கடையில் விற்கும் பலகைகளோடு நிற்கக்கூடிய கெட்டியான பலகை வந்தது. என் கண் எரிந்த 22 வருஷத்துக்குப் பிறகு இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பீனால் இல்லை, ஃபார்மால்டிஹைடு இல்லை, கழிவுத் தண்ணீரும் இல்லை. சரக்கு ஏற்றும் பேலட் அடிப்பலகை செய்ய இது நன்றாகப் பொருந்தும். உங்கள் அப்பாவுக்கு முதலீடு செய்யும் எண்ணம் இருந்தால், பிளான்ட்காரரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பாருங்கள். ஆனால் ஹாட் பிரஸ் விலை கூடிய சாமான். பெரும்பாவூரில் கைமாறும் பழைய பிரஸ் இருக்கிறது, நாலைந்து மில்காரர்கள் சேர்ந்து வாங்கினால் தாங்கும். அரைத்த மட்டையின் ஈரத்தைச் சரியாக வைப்பதுதான் இதில் வித்தை. ஈரம் கூடினால் பிரஸ்ஸைத் திறக்கும்போது உள்ளே அடைபட்ட ஆவி பலகையை வெடித்துப் பிளந்துவிடும்.

நீங்கள் கவனிக்காத இன்னொன்று. இந்த எல்லை வழியாக லிக்னின் சரக்கு ஏற்கெனவே ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருக்கிறது. கன்டெய்னரில் போகிறதே 5 கிலோ பித் பிளாக், அதுதான். ஐரோப்பாவில் தோட்டத்துக்குக் காலங்காலமாக வெட்டியெடுத்த பீட் சதுப்பு மண்ணுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள். பீட் சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும், வெட்டினால் அதில் அடைந்த கார்பன் காற்றில் போகும். மட்டையோ ஒவ்வொரு வெட்டுக்கும் விழுகிறது. செடித் தொட்டியில் பித் சீக்கிரம் மக்கிச் சுருங்காமல் நிற்பதற்குக் காரணமே அதிலுள்ள லிக்னின்தான். வருமானத்துக்கு இன்றைக்கு உங்களுக்குக் கைக்கெட்டும் வழி இதுதான், தரத்தைக் கூட்டினால் போதும்.

ஏற்றுமதிக்குப் போகாத பித்தை மக்க வைக்கலாம். லிக்னினைத் தின்னும் சக்தி பாக்டீரியாவுக்கு அவ்வளவாகக் கிடையாது, வெண்மக்கல் பூஞ்சைகளுக்குத்தான் உண்டு. நாம் சாப்பிடும் சிப்பிக்காளான் அந்த வகை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் ஒரு டன் பித்துக்கு 5 கிலோ யூரியா, கூடவே சிப்பிக்காளான் வித்து. பித் ஒரு அடுக்கு, வித்து. பித் ஒரு அடுக்கு, யூரியா என்று மாற்றி மாற்றிப் போட்டு நிழலில் ஈரமாக வைத்தால் ஒரு மாதத்தில் கறுத்து, அளவு குறைந்து, மண் வாசனை வந்துவிடும். ஆலப்புழை கலவூரில் உள்ள மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையமும் 'பித்பிளஸ்' என்ற பெயரில் இதற்கான பூஞ்சை வித்தைக் கொடுக்கிறது. மக்காத பித்தை மட்டும் அப்படியே தென்னைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் கார்பன் நைட்ரஜனைப்போல 100 மடங்குக்கு மேல். மக்குவதற்கு மண்ணில் இருக்கும் நைட்ரஜனையே அது இழுத்துக்கொள்ளும், கன்று மஞ்சளடிக்கும்.

தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காங்கயம் பக்கம் தொட்டிக்கரி சுடுகிறவர்களுக்கு அது கைவந்த வேலை. லிக்னின் கூடிய பொருளில் கரி அதிகம் தேறும் என்பதுதான் அங்கேயும் அடிப்படை.

அந்தப் பிளான்ட்காரர் மறுபடியும் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு கிலோ பொடிக்கு எவ்வளவு காஸ்டிக், எவ்வளவு அமிலம் ஆகும்? வடிக்கும் உப்புத் தண்ணீர் எங்கே போகும்? பொடியை வாங்குகிறவர் யார், அவர் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறதா?

பிளாக் வேலையைப் பெரிதாக்க நினைத்தால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள், தம்பி. பித்தைக் கழுவும்போதும் மழையில் நனையும்போதும் டானினும் பீனால் வகைகளும் உப்பும் கரைந்து இறங்கும். மில்லுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் கிணற்றிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் மொண்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வெயிலில் பிடித்துப் பாருங்கள். லேசான கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறம் தெரிந்தால், பிரஸ்ஸுக்கும் பிளாக்குக்கும் முன்னால் பித்தைக் கொட்ட சிமென்ட் தளமும், மேலே கூரையும், கழுவின தண்ணீரைத் திருப்பி எடுக்க ஒரு தொட்டியும் கட்டுங்கள். தென்மேற்கு மழை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவதற்குள் முடித்துவிடுங்கள்.